605: எண்ணும் எழுத்தும்

‘அராபிய எண்கள்’ எனப்படுவனவற்றின் பிறப்பிடம் இந்தியா என்பதற்குத் தென்கிழக்காசியா வலிய சான்றளிக்கிறது. ஜி. ஆர். கே என்னும் ஆய்வாளர் இதனை ஏற்க மறுத்து, இந்தியப் பட்டயங்களின் நம்பகத்தன்மையை ஐயுற்றார். 1931இல் ழார்ஜ் செதே, கம்போடியாவின் சம்போர் கல்வெட்டு முதலியவற்றைக் காட்டி அவரை மறுத்தார். சம்போர்க் கல்வெட்டில் சக ஆண்டு 605 (கி.பி. 683), நடுவே சுழியப் புள்ளியுடன் பொறிக்கப்பட்டுள்ளது. அல்குவாரிஸ்மி இந்திய எண்முறையை விளக்கி எழுதியதோ 9ஆம் நூற்றாண்டில். இம்முறை அரபு நாட்டினின்று வந்ததாயின், இந்தியப் பண்பாடு பரவிய கீழ்த்திசையில் அதற்கு முன்னரே காணப்படுவது எங்ஙனம்?

எனினும், இச்சான்றினைக் கொண்டு தமிழ் எண்களே இம்முறைக்கு மூலம் என நம்மவர் சிலர் கூறுவதை நாம் ஏற்பதற்கில்லை. மரபான தமிழ் எண்முறையில் 605 என்பது ௬௱௫ ஆகும். நூற்றுக்குத் தனிக்குறி இருந்தமையால் ஆண்டுச் சுழியம் வேண்டப்படவில்லை. பத்தின் மடங்குகளால் எண்ணுதல் வேறு. இடத்தால் மதிப்புத் தோன்ற எழுதுதல் வேறு. தமிழாசிரியர்கள் இவ்விரு வடிவங்களையும் கரும்பலகையில் அருகருகே எழுதிக் காட்டினால் வேறுபாடு தானே விளங்கும். முடிவை முன்னரே வகுத்துக்கொண்டு சான்றினை அளப்போமாயின், கே செய்த பிழையையே நாமும் செய்தவராவோம்.