கூந்தல் சாட்டை

ஒன்பது வயசில் நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? நான் பதிமூன்றாம் வாய்ப்பாட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். வில்லோ ஸ்மித் என்ற அமெரிக்கப் பெண் அந்த வயசில், ராப் பாடகர் ஜே-ஸீ நடத்தும் ராக் நேஷன் கம்பெனியில் ஒப்பந்தமாகி, 2010 அக்டோபரில் தன் முதல் பாட்டை வெளியிட்டாள். பெயர் 'விப் மை ஹேர்'. கூந்தலைச் சாட்டை மாதிரி சுழற்றுவது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த மாசம் 31-ம் தேதிதான் அவளுக்குப் பத்து வயசு நிறைந்தது.

ஸ்மித் என்றதும் சந்தேகம் வருகிறதா? சரிதான். அப்பா வில் ஸ்மித். அம்மா நடிகை ஜேடா பிங்கெட் ஸ்மித். அண்ணன் ஜேடன் 2006-லேயே அப்பாவுக்கு மகனாக நடித்து, 2010-ல் ஜாக்கி சானோடு 'கராத்தே கிட்' வரை வந்துவிட்டான். வில்லோவும் 2007-ல் 'ஐ ஆம் லெஜண்ட்' படத்தில் அப்பாவின் மகளாகவே தலைகாட்டினாள். குடும்பத் தொழில். பணக்கார வீட்டுக் குழந்தைக்குப் பிறந்தநாள் பரிசாக பாட்டு ஒன்றைப் போட்டுக்கொடுத்திருப்பார்கள் என்ற எரிச்சலோடுதான் வீடியோவைப் பார்க்க உட்கார்ந்தேன்.

தப்பு. பாட்டு நன்றாகவே இருக்கிறது.

மூன்று நிமிஷம் சொச்சம். அதில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: தலைமுடியை முன்னேயும் பின்னேயும் வீசுகிறேன், வீசுகிறேன், வீசுகிறேன். காகிதத்தில் படித்தால் சிரிப்பு வரும். கேட்டால் கழுத்து தானாக ஆடுகிறது. ஆடவில்லையென்றால் டாக்டரைப் பாருங்கள். கனமான டிரம்ஸ், மேலே கைதட்டல் மாதிரி ஒரு தாளம், அதன்மேல் அடிவயிற்றிலிருந்து வரும் குரல். குழந்தைப் பாட்டுகளில் வழக்கமாக வரும் கொஞ்சல், மழலை எதுவும் கிடையாது. ரிஹானாவின் தங்கச்சி பாடுகிற மாதிரி இருக்கிறது. அதுவேதான் குறையும். இடையில் வரும் வரிகளில், என்னைப் பொறாமையோடு பார்ப்பவர்களைப் பற்றிக் கவலையில்லை, ராத்திரி கொண்டாட்டம் என்கிற தோரணையெல்லாம் வருகிறது. ஒன்பது வயசுப் பெண்மீது யார் பொறாமைப்படப் போகிறார்கள், பக்கத்து பெஞ்ச் பிள்ளையைத் தவிர? பெரியவர்களின் சட்டையைப் போட்டுக்கொண்டு குழந்தை கண்ணாடி முன்னால் நிற்பது போல.

இந்தக் குறையை மறக்கடிப்பது வீடியோ. இயக்கியவர் ரே கே. லேடி காகாவின் 'போக்கர் ஃபேஸ்', ஜஸ்டின் பீபரின் 'பேபி' எல்லாம் அவர் கைங்கர்யம்தான். இங்கே அவர் செய்தது எளிமையான வேலை. பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டு அறை. சுவர் வெள்ளை, மேஜை வெள்ளை, பிள்ளைகள் போட்டிருக்கும் உடுப்பு வெள்ளை. ஆஸ்பத்திரி வார்டு மாதிரி இருக்கிறது. வில்லோ பளபளவென்று உள்ளே வருகிறாள், கையில் பழைய காலத்து டேப் ரெக்கார்டர். உள்ளே இருப்பதோ பெயின்ட். நீளப் பின்னல்களை அதில் முக்கி ஒரு சுழற்று சுழற்றுகிறாள். சிவப்பும் நீலமும் மஞ்சளும் சுவரெல்லாம், முகமெல்லாம் தெறிக்கிறது. அப்புறம் எல்லாரும் தலையைச் சுழற்ற ஆரம்பித்துவிடுகிறார்கள். கதை அவ்வளவுதான். முடிதான் தூரிகை.

"இதிலென்ன அய்யா பிரமாதம்?" என்பீர்கள். முடி என்றால் நமக்குச் சீயக்காய், பூ, பேன், வழுக்கை. அமெரிக்கக் கறுப்பினப் பெண்ணுக்கு அது வேறு சமாசாரம். சுருள் முடி அசிங்கம், நேர் முடிதான் 'நல்ல' முடி என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிச் சொல்லி, சின்னப் பெண்களின் தலையிலும் ரசாயனத்தைத் தடவி நேராக்கிக்கொண்டிருந்தார்கள். நகைச்சுவை நடிகர் கிரிஸ் ராக், தன் குட்டி மகள் 'எனக்கு ஏன் நல்ல முடி இல்லை' என்று கேட்டதில் ஆடிப்போய், 2009-ல் 'குட் ஹேர்' என்று ஒரு டாக்குமென்டரியே எடுத்தார். அந்த ரசாயனத்தில் அலுமினிய டின்னைப் போட்டால் கரைந்து போவதை அதில் காட்டுவார். அதைத்தான் குழந்தையின் மண்டையில் பூசுகிறார்கள்.

வில்லோவின் பாட்டு வந்த அதே அக்டோபரில், 'செஸமி ஸ்ட்ரீட்' என்ற பிள்ளைகள் நிகழ்ச்சியில் மாநிறப் பொம்மை ஒன்று தன் சுருள் முடியைக் கொஞ்சிப் பாடியது. எழுதியவர், எத்தியோப்பியாவிலிருந்து தத்தெடுத்த தன் மகளுக்காக எழுதினார். யாரோ புண்ணியவான் இரண்டு பாட்டையும் ஒட்டிப் போட, அம்மாக்கள் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். 'என் முடி, என் இஷ்டம்' என்று ஒரு சின்னப் பெண் சுவரில் பெயின்ட் அடித்தபோது அந்த வெள்ளைச் சுவருக்கு என்ன அர்த்தம் என்பது அவர்களுக்கு விளக்காமலே புரிந்திருக்கும்.

பில்போர்டில் 11-வது இடம். பிரிட்டனில் இரண்டாவது. நவம்பரில் ஜிம்மி ஃபாலன் தன் டி.வி. நிகழ்ச்சியில் நீல் யங் மாதிரி வேஷம் கட்டி, சாட்சாத் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனையே பக்கத்தில் வைத்துக்கொண்டு இதை கிடாரில் மெதுவாகப் பாடினார். கிண்டல்தான். ஆனால் டிரம்ஸைக் கழற்றிய பிறகும் மெட்டு விழாமல் நிற்கிறது. அது நல்ல மெட்டுக்கு ஒரு பரீட்சை.

இதோடு நிறுத்தியிருந்தால் இந்தப் பத்தியை எழுதியிருக்க மாட்டேன்.

2011-ல் பீபரின் ஐரோப்பியச் சுற்றுப்பயணத்தில் வில்லோவும் பாடினாள். பிறகு நடந்ததை வில் ஸ்மித்தே 2021-ல் வந்த தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். மேடையிலிருந்து இறங்கிய மகள், போதும்ப்பா, வீட்டுக்குப் போகலாம் என்கிறாள். முடியாதும்மா, ஒப்புக்கொண்டாச்சு, வாக்குக் கொடுத்தாச்சு என்று அப்பா பாடம் நடத்துகிறார். எனக்குப் போதும் என்பது உங்களுக்கு முக்கியமில்லையா என்று கேட்கிறாள். அப்பாவிடம் பதில் இல்லை. பயணத்தைப் பற்றித்தான் பேசுகிறார். ஒருநாள் காலைச் சாப்பாட்டுக்கு மகள் துள்ளிக்கொண்டு வருகிறாள். தலையில் ஒரு முடி இல்லை. மழுங்க மொட்டை.

வேண்டுதல் மொட்டை இல்லை. பாட்டே முடியைப் பற்றி, வீடியோவே முடியைப் பற்றி, சரக்கே முடிதான். அதை எடுத்துவிட்டால் எதை வைத்து வியாபாரம் செய்வீர்கள்? வக்கீல் வைத்தாலும் இவ்வளவு சுருக்கமாக வாதாட முடியாது. அப்போதுதான் தனக்கு உறைத்தது என்கிறார் அப்பா. அப்பாவும் ஜே-ஸீயும் சேர்ந்து தயாரித்த 'ஆனி' படமும் அவளுக்காகத்தான் யோசிக்கப்பட்டது. வேண்டாம், நான் பன்னிரண்டு வயசுப் பெண்ணாகவே இருந்துகொள்கிறேன் என்றாளாம். 2014-ல் வேறு பெண் நடித்து வெளிவந்தது.

2018-ல் தன் அம்மா, பாட்டியோடு உட்கார்ந்து பேசிய நிகழ்ச்சியில், அந்தப் பாட்டு ஓடி முடிந்த காலத்தில் மனசு இருண்டு தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்டதாக வில்லோ சொன்னாள். பக்கத்தில் இருந்த அம்மாவுக்கே அது புதுச் செய்தி. அதைக் கேட்ட பிறகு வீடியோவை மறுபடி போட்டுப் பார்த்தேன். அதே பெயின்ட், அதே சிரிப்பு. கழுத்து இந்தத் தடவையும் ஆடியது, கொஞ்சம் கூச்சத்தோடு.

நல்லவேளை, பெண் இசையை விடவில்லை. 2015-ல் முதல் ஆல்பம், 2021-ல் மின்சார கிடார் அலறும் ராக் பாட்டுகள், 2024-ல் ஜாஸ் பக்கம் சாய்ந்த 'எம்பதோஜென்'. அதே 2021-ல் இணையத்தில் ஒளிபரப்பான கச்சேரி ஒன்றில் 'விப் மை ஹே'ரை ராக்காக மாற்றி உறுமிக்கொண்டே, மேடையிலேயே மறுபடி தலையை மழித்துக்கொண்டாள். வயசு இருபது. முடிந்தால் இரண்டு வீடியோவையும் அடுத்தடுத்துப் பாருங்கள். முதலில் பெயின்ட், அப்புறம் மெஷின். வீட்டில் நன்றாகப் பாடுகிற குழந்தை இருந்தால், அதைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு.