கலையில்லாத கிரகத்தில் ஒரு கோமாளி

வேற்றுக்கிரகக் கதை என்றாலே நம் சிறுபத்திரிகைக்காரர்கள் உதட்டைப் பிதுக்குவார்கள். அது ஜிகினா சமாச்சாரமாம். இருந்துவிட்டுப் போகட்டும். 1963இல் ஏ. காசிலிங்கம் இயக்கி வந்த 'கலை அரசி'யை ஒரு பிரதியாக வாசித்துப் பார்க்கலாம் என்கிறேன்.

அந்தக் கிரகவாசிகளிடம் விஞ்ஞானம் உண்டு. பாட்டும் ஆட்டமும் இல்லை. அதனால் நம்பியார் பறக்கும் கலத்தில் வந்து பானுமதியைத் தூக்கிக்கொண்டு போகிறார். மீட்கப் போகிறவர் உழவரான எம்.ஜி.ஆர். 1953இன் 'வார் ஆஃப் த வோர்ல்ட்ஸ்' படத்தில் செவ்வாய்க்காரர்கள் பூமியையே பிடிக்க வருகிறார்கள். நம்ம ஊருக்கு வருகிறவர்களுக்கோ பாட்டு வாத்தியார் போதும்! சிரிக்கலாம். ஆனால் கருவி அவர்களுக்கு, கலை நமக்கு என்ற இந்தப் பங்கீடு காலனிய காலத்து ஆறுதல்தான். புறம் வெள்ளைக்காரனுக்கு, அகம் நமக்கு என்று தேசியம் கோடு கிழித்ததையும், அகத்தின் காவலைப் பெண் தலையில் கட்டியதையும் பார்த்தா சாட்டர்ஜி விரிவாகவே எழுதியிருக்கிறார். கடத்தப்படுவது ஏன் ஒரு பெண் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

பிரதி தன்னைத்தானே காட்டிக்கொடுக்கிற இடம் ஒன்று உண்டு. அந்தக் கிரகத்தில் ஒரு கோமாளி இருக்கிறான். அச்சு அசல் எம்.ஜி.ஆர். அவன் செத்துப்போக, உழவன் அவன் வேஷத்தில் அரண்மனைக்குள் நுழைகிறான். கலையே இல்லாத கிரகத்தில் கோமாளி எப்படி வந்தான்? கோமாளி ஆடுவது கலைக்கணக்கில் சேராது, அவ்வளவுதான். சேலம், நாமக்கல் பக்கம் விடியவிடியக் கூத்தாடுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகவே தெரியும். அவர்களை எந்தக் கிரகத்துக்காரன் தூக்கிட்டுப் போவான்?

இப்போது கிரகம் நம் காட்டுக்கே வந்துவிட்டது. நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டியின் அனார்த்தோசைட் பாறை நிலவின் மேட்டுநிலப் பாறையை ஒத்தது. அதை நொறுக்கித்தான் சந்திரயான்-2 சோதனைகளுக்கு இஸ்ரோ 'நிலா மண்' செய்தது. செய்முறைக்கு 2020இல் காப்புரிமையும் கிடைத்தது. அறிவியலாக இதில் எனக்குச் சண்டையில்லை. ஆனால் நிலா என்றால் ஆளில்லாத இடம். ஊரை நிலாவாக்கும் சொல்லாடல், பாறை மேலே ஆடு மேய்க்கிறவரை, ஜல்லி உடைக்கிறவரை சத்தமில்லாமல் அழித்துவிடுகிறது. செய்தித்தாளில் பாறையின் வேதியியல் வந்தது, ஊர்ப் பெருமை வந்தது. அந்த ஆள் என்ன பேசினார் என்பதைத் தேடித்தான் பார்க்கணும்.

இந்தச் சமவெளியிலிருந்து யாராவது கிரகக் கதை எழுதினால், கலத்திலிருந்து முதலில் கோமாளி இறங்கட்டும். கதையை அவனே சொல்லட்டும்.