கிடாய்க்குக் குழாய் போடுமுன்

நலமடித்த கிடாய் காலை அகட்டி நின்று முக்கினால் வீட்டுக்காரர் முதலில் மலச்சிக்கலைத்தான் நினைப்பார். எண்ணெய் பருக்கிப் பார்ப்பதில் ஒரு நாள் போய்விடும். அடைபட்டிருப்பதோ சிறுநீர்ப் பாதை. குறியைச் சுற்றிய உரோமத்தைத் தடவிப் பார்த்தால் சில வேளை கற்பொடி விரலில் நெருடும். யாழ்ப்பாணத்தில் ஆடு கட்டி வளர்க்கிற வீட்டார், இந்த நோயில் கதீற்றர் என்னும் சிறுநீர்க் குழாய் எங்கே உதவும், எங்கே கெடுக்கும் என்று அறிந்திருப்பது அவசியம்.

நாய்க்குச் செய்வதுபோலக் கீழிருந்து குழாயைச் செலுத்துவது ஆட்டில் பெரும்பாலும் வீண். ஆண்குறி உள்ளே எஸ் வடிவில் மடிந்திருக்கிறது. அதைத் தாண்டினாலும் இடுப்பெலும்பு வளைவில் சிறுநீர்ப் பாதையின் மேற்சுவரில் ஒரு சிறு பை உண்டு. குழாய்நுனி அதற்குள் போய் முட்டி நின்றுவிடும், மூத்திரப்பையை எட்டாது. மேலும் தள்ளினால் பாதை கிழிந்து சிறுநீர் தோலுக்கடியில் பரவும். குறிநுனியில் நீண்டிருக்கும் மெல்லிய வாலைக் கத்தரித்தாலே சில கிடாய்களுக்குச் சிறுநீர் பாயும். மேலே இன்னும் கல் இருந்தால் அந்த நிம்மதி நீடிக்காது.

வயிற்றைக் கீறி மூத்திரப்பைக்குள் நேரே ஃபோலி கதீற்றரை வைப்பதையே நான் சிறந்த வழியாக மதிக்கிறேன். 1930களில் மனிதருக்காக உருவான பலூன் குழாய் அது. சிறுநீர் அதன்வழி வெளியேற, புண்பட்ட பாதை ஓய்வு பெற்று வீக்கம் வற்றுகிறது. 10, 14 நாள் கழித்துக் குழாயை அடைத்துப் பார்த்து, ஆடு தானாகச் சிறுநீர் கழித்தால்தான் அதை எடுப்பார்கள்.

அந்த நாட்களில்தான் இந்த முறையின் பலவீனமும் இருக்கிறது. பலூனில் உப்புநீரை நிரப்பினால் உப்புப் படிந்து, எடுக்கும் நேரத்தில் அது சுருங்காமல் போகலாம்; கிருமிநீக்கிய தூய நீரே ஏற்றது. குழாய்முனை பட்டியின் ஈரத்தரையில் தோய்ந்தால் கிருமி மேலேறும். ஆடு அதைக் கடித்தும் இழுக்கும். குழாய் இருக்கும்வரை நுண்ணுயிர்க்கொல்லி கொடுத்தால் போதும் என்பது ஆபத்தான நம்பிக்கை, மருந்துக்கு அடங்காத கிருமியையே அது மிச்சம் வைக்கும். வீட்டுக்காரருக்குப் பராமரிப்பைச் செய்து காட்டாமல் ஆட்டை அனுப்பினால் நல்ல சத்திரசிகிச்சையும் பாழாகும்.

இலங்கையின் ஒரே கால்நடை மருத்துவ பீடம் பேராதனையில், ஏ-9 வீதியில் 300 கிலோமீற்றருக்கும் அப்பால். மூத்திரப்பை வெடிக்கப்போகும் ஆட்டுக்கு அந்தத் தூரம் தாங்காது. ஆகவே இந்தச் சிகிச்சைக்கான குழாயும் பயிற்சியும் குடாநாட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும். வடமாகாணக் கால்நடைத் திணைக்களம் இதைக் கவனிக்க வேண்டும்.

கல் உண்டாவதற்குக் கிணற்று நீரின் சுண்ணாம்பை மட்டும் குற்றஞ்சொல்லிப் பயனில்லை. அரிசித் தவிட்டில் பொஸ்பரசு மிக அதிகம்; தீவனத்தில் கல்சியம் அதைப்போல் இருமடங்காவது இருக்க வேண்டும். இளங்குட்டியிலேயே நலமடித்தால் சிறுநீர்ப் பாதை அகலாமல் நின்றுவிடுகிறது. ஆகவே தவிட்டைக் குறைத்துக் குழையைக் கூட்டுங்கள், நலமடிப்பதைச் சில மாதம் தள்ளிப்போடுங்கள். முக்கும் கிடாயை அன்றைக்கே வைத்தியரிடம் கொண்டுபோங்கள்.