ஏர் எடுக்கும் வேலை
போடியிலிருந்து இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு ஆளேற்றும் ஜீப்புகளுக்கு, போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக் ஆயில்தான் உயிர். அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 3 ஆயில் 205 டிகிரி வரை தாங்கும். ஈரமேறினால் 140 டிகிரியிலேயே கொதிக்கலாம். நீண்ட இறக்கத்தில் குமிழ் உண்டானால் பெடல் பஞ்சாக அமுங்கும்.

அதனால் ஏர் எடுக்க, அதாவது பிரேக் லைனிலிருந்து காற்றையும் பழைய ஆயிலையும் வெளியேற்றப் பழகுவதை நான் பெரிய படிப்பாகவே மதிக்கிறேன்.

"மிதிடா... அப்படியே பிடி!" ஜீப்பின் அடியில் படுத்திருக்கும் மெக்கானிக் சக்கரத்துப் பிரேக்கின் நிப்பிளைக் கொஞ்சம் திறக்கிறார். அதில் மாட்டிய டியூபில் குமிழும் ஆயிலும் வருகின்றன.

"அண்ணே, பெடல் இறங்கிருச்சு."

"காலை எடுக்காத!"

நிப்பிளை இறுக்கிய பிறகே கால் மேலே வரலாம். முந்தினால் காற்று திரும்ப உள்ளே போகும். ஒருவர் குரலும் மற்றவர் காலும் ஒத்துப்போகும் அந்த லயம் அத்தனை அழகு. குமிழ் நின்றதும் அடுத்த சக்கரம்; அதற்குள் மேல் டப்பாவில் ஆயில் குறையாமல் ஊற்றிக்கொள்ள வேண்டும்.