“அப்டேட் செய்துகொள்ளட்டும்” என்னும் அலட்சியம்

வலைப்பக்கங்களின் தோற்றத்தை எழுத உதவும் டெயில்விண்ட் சிஎஸ்எஸ் என்ற கருவியின் 4-ஆம் பதிப்பு 2025 ஜனவரியில் வெளிவந்தபோது வலைத்தள வடிவமைப்பாளர்களிடையே ஒரு நிம்மதி தெரிந்தது. குரோம் 111, சஃபாரி 16.4, ஃபயர்பாக்ஸ் 128 ஆகியவற்றுக்கு முந்தைய எந்த பிரவுசருக்கும் தான் பொறுப்பில்லை என்று அது ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிட்டது. பழசுக்காக மாரடித்த காலம் ஒழிந்தது என்று பலர் மகிழ்ந்தார்கள். பழைய கருவி வைத்திருப்பவர்கள் என்ன ஆவார்கள் என்று கேட்டவர்களுக்குத் தயாராக ஒரு பதில் இருந்தது: பிரவுசர் இலவசம்தானே, அப்டேட் செய்துகொள்ளட்டும்! இந்தத் துறையில் கால் நூற்றாண்டாகச் சொல்லப்பட்டுவரும் பதில் இது. ஒரு காலத்தில் அதில் நியாயம் இருந்தது. இன்று அது உண்மையே இல்லை. உண்மையில்லாத ஒன்றின் மேல்தான் ஒரு தொழிலின் நடைமுறையே கட்டப்பட்டிருக்கிறது.

ஒப்புக்கொள்ள வேண்டியதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடலாம். எல்லாப் பழைய பிரவுசர்களையும் காலமெல்லாம் சுமக்க யாராலும் முடியாது. 2001-ல் வந்த இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 6-க்கு அடுத்த பதிப்பு 2006-ல்தான் வந்தது. அந்த ஆண்டுகளிலும் அதற்குப் பின்னும் அதன் கோளாறுகளுக்கு ஒட்டுப்போடுவதிலேயே ஒரு தலைமுறை வடிவமைப்பாளர்களின் உழைப்பு வீணானது. அதைக் கைவிட்டது சரி. அதை எப்போது ஒழிக்கலாம் என்று எண்ணிக்கொண்டிருக்க மைக்ரோசாஃப்ட்டே 2011-ல் ஒரு தளம் தொடங்கியது. புதிய சிஎஸ்எஸ் வசதிகள் அருமையானவை; 2017-ல் கிரிட் என்ற வசதி வந்த பிறகு பக்கத்தைப் பத்திகளாகப் பிரிக்க ஃப்ளோட் என்ற பழைய உத்தியோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. வங்கித் தளங்கள் பாதுகாப்பைக் காரணம் காட்டிப் பழைய பிரவுசர்களை மறுப்பதையும் நான் குறைசொல்ல மாட்டேன். டெயில்விண்ட்காரர்கள் நேர்மையானவர்களும்கூட. பழைய பிரவுசர்கள் வேண்டுமானால் 3.4-லேயே இருங்கள் என்று தங்கள் ஆவணத்திலேயே எழுதியிருக்கிறார்கள். 2025 ஏப்ரலில் வந்த 4.1 பதிப்பில் சில மாற்று ஏற்பாடுகளையும் சேர்த்தார்கள்.

என் ஆட்சேபம் அந்த ஒற்றைப் பதிலைப் பற்றியது. அது பிறந்த சூழல் வேறு. 2001 பிப்ரவரியில் வெப் ஸ்டாண்டர்ட்ஸ் புராஜெக்ட் என்ற அமைப்பு, பிரவுசரை மாற்றச் சொல்லி ஓர் இயக்கத்தைத் தொடங்கியது. அதன் முன்னணியில் இருந்த ஜெஃப்ரி ஜெல்ட்மன், மோசமான பிரவுசர்கள் நாசமாய்ப் போகட்டும் என்ற தோரணையில் ‘எ லிஸ்ட் அபார்ட்’ இதழில் எழுதினார். அன்று பிரவுசர் என்பது தனியாக இறக்கி நிறுவிக்கொள்ளும் மென்பொருள். 2009-ல் யூடியூப் தன் பக்கத்தின் மேலே ஒரு பட்டை போட்டு வேறு பிரவுசருக்கு மாறச் சொன்னபோதும், விண்டோஸ் எக்ஸ்பி வைத்திருந்தவர் அதே கணினியில் ஃபயர்பாக்ஸையோ குரோமையோ நிறுவ முடிந்தது. அலுவலகக் கணினிகள் விதிவிலக்கு. மற்றபடி, மாறாதவர்களைச் சோம்பேறிகள் என்று சொல்ல இடமிருந்தது. அந்தப் பட்டை வந்த ஒரே மாதத்தில் யூடியூப்பில் எக்ஸ்புளோரர் 6-ன் பயன்பாடு பாதியாகக் குறைந்தது என்று அங்கே வேலைபார்த்த கிறிஸ் ஜகரியாஸ் பின்னாளில் எழுதினார். மக்களால் மாற முடிந்தது, சொன்னதும் மாறினார்கள்.

இன்று பிரவுசரின் ஆயுளைக் கருவியும் இயங்குதளமும் தீர்மானிக்கின்றன. விண்டோஸ் 7-ல் ஓடும் கடைசி குரோம் 109. 2023 பிப்ரவரியில் வந்த 110 அதில் ஏறாது. ஃபயர்பாக்ஸ் 115-ஓடு நின்றுவிட்டது. டெயில்விண்ட் கேட்பதோ 111-ம் 128-ம். விண்டோஸ் 7 கணினி வைத்திருப்பவர் எவ்வளவு ஒழுங்காக அப்டேட் செய்தாலும் இந்த எல்லையைத் தொடவே முடியாது. தமிழக அரசு 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் ஆரம்பக் கணினிகளில் இருந்தது அந்த விண்டோஸ் 7-தான் என்பதை நம்மூர் வடிவமைப்பாளர்களாவது நினைவில் வைக்க வேண்டும்.

கைபேசியில் நிலைமை இன்னும் மோசம். ஐபோன் 7-ஐ ஆப்பிள் 2019 வரை விற்றது. அதே ஆண்டில் பெங்களூரிலும் அது தயாரானது. ஐஓஎஸ் 15-க்கு மேல் அந்தக் கைபேசி போகாது. ஆகவே சஃபாரி 15.6-க்கு மேலும் போகாது. வேறு பிரவுசரை நிறுவலாமே என்பார்கள். ஐபோனில் குரோம், ஃபயர்பாக்ஸ் என்ற பெயர்களில் கிடைப்பவையும் உள்ளே ஆப்பிளின் வெப்கிட் எஞ்சின்தான், ஆப்பிளின் விதி அப்படி; ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024-ல் அந்த விதி தளர்ந்தது. ஆண்ட்ராய்டு 6 கைபேசிகள் குரோம் 106-ல் நின்றுவிட்டன. 2017 ஜூலையில் அறிவிக்கப்பட்டு, இந்தியாவில் கோடிக்கணக்கானவர்கள் கைக்குப் போன ஜியோபோனில் இருந்தது காய்ஓஎஸ் என்ற இயங்குதளம். அதன் பிரவுசர் ஃபயர்பாக்ஸ் 48-ன் எஞ்சினைக் கொண்டது. கிரிட் ஃபயர்பாக்ஸுக்கு வந்தது 52-ல், அதே 2017 மார்ச்சில். கடைக்கு வந்த அன்றே அந்தக் கருவி காலாவதி! அதை வைத்திருப்பவரிடம் அப்டேட் செய்யச் சொன்னால் அவர் எந்தப் பொத்தானை அழுத்துவார்?

இவர்களிடம் அப்டேட் செய்யச் சொல்வது புதுக் கைபேசி வாங்கச் சொல்வதுதான். சொல்பவர் காசு தரப் போவதில்லை. 2023-ல் கூகுள் அறிமுகப்படுத்திய ‘பேஸ்லைன்’ என்ற அளவுகோலும் இந்த ஓட்டையை அடைக்கவில்லை. குரோம், எட்ஜ், ஃபயர்பாக்ஸ், சஃபாரி நான்கிலும் ஒரு வசதி வந்து 30 மாதங்கள் ஆனால் அது பரவலாகக் கிடைப்பதாகக் கருதப்படும். எந்த வசதி எந்தப் பதிப்பில் வந்தது என்று ஓடிஓடித் தேடும் வேலையை இது குறைத்திருக்கிறது. அந்த அளவில் நல்லது. ஆனால் அந்தக் கணக்கு தொடங்குவது புதிய பதிப்பு வெளியாகும் நாளில். அண்ணன் வாங்கி, தம்பிக்குக் கொடுத்து, பிறகு அம்மாவிடம் போய்ச் சேரும் கைபேசிக்கு அந்த நாட்காட்டி தெரியாது. பல வீடுகளில் 30 மாதம் என்பது தவணை கட்டி முடித்த சூடு ஆறாத காலம்.

இத்தனைக்கும் இப்படி வெளியே தள்ள வேண்டிய அவசியமே இல்லை. 1996-ல் வந்த முதல் சிஎஸ்எஸ் பரிந்துரையிலேயே, தனக்குப் புரியாத அறிவிப்பை பிரவுசர் ஒதுக்கிவிட்டு அடுத்ததைப் படிக்க வேண்டும் என்ற விதி உண்டு. இனி வரப்போகும் வசதிகளை அன்றைய பிரவுசர்கள் தாங்கிக்கொள்ளவே அந்த ஏற்பாடு. முதல் வரியில் சாதாரண நீலத்தையும் அடுத்த வரியில் புதுவகை நீலத்தையும் எழுதினால், பழைய பிரவுசர் முதலாவதை எடுத்துக்கொள்ளும். புதியது இரண்டாவதை எடுத்துக்கொள்ளும். யாருக்கும் நஷ்டமில்லை. 2003-ல் ஸ்டீவன் சாம்பியனும் நிக் ஃபிங்க்கும் முன்வைத்த படிப்படியான மேம்பாடு என்ற கொள்கையும் இதன் நீட்சிதான்: அடிப்படைப் பக்கம் எல்லோருக்கும், அலங்காரம் முடிந்தவர்களுக்கு.

இன்றைய கருவிகள் இந்தப் பொறுமையைத்தான் உடைக்கின்றன. டெயில்விண்ட் 4-ன் நிறங்கள் ஓகேஎல்சிஎச் என்ற புதிய முறையில், மாறிகளுக்குள் வைத்து எழுதப்படுகின்றன. மாறியைக் கொண்ட அறிவிப்பைப் படிக்கும்போது பிரவுசர் அது செல்லும் என்றே ஏற்றுக்கொள்கிறது. உள்ளே இருக்கும் நிறம் தனக்குப் புரியவில்லை என்பது பிறகுதான் அதற்குத் தெரியும். அதற்குள் முந்தைய வரியைக் கைவிட்டிருக்கும். விளைவாக, குரோம் 109-ல் நீலப் பொத்தானின் பின்புலம் இல்லாமல் போகிறது; மேலே இருந்த வெள்ளை எழுத்து வெள்ளைப் பக்கத்தில் மறைந்துவிடுகிறது. அது விண்ணப்பத்தை அனுப்பும் பொத்தானாக இருக்கலாம், பணம் கட்டும் பொத்தானாக இருக்கலாம். பக்கம் கொஞ்சம் அழகு குறைந்து தெரிந்தால் எவரும் வழக்குப் போட மாட்டார். ஒரு நிறத்தின் நுணுக்கத்துக்காகப் பொத்தானையே தொலைப்பதை முன்னேற்றம் என்று எப்படிச் சொல்வது?

அப்படிப்பட்டவர்கள் ஒன்றிரண்டு சதவீதம்தானே என்பது அடுத்த பதில். எங்கிருந்து வருகிறது இந்தச் சதவீதம்? பெரும்பாலும் தளத்தின் சொந்தக் கணக்கிலிருந்து. பக்கம் திறக்காதவர் உடனே போய்விடுகிறார், திரும்பி வருவதில்லை. வருகையை எண்ணும் ஸ்கிரிப்ட்டே புதிய ஜாவாஸ்கிரிப்ட்டில் எழுதப்பட்டிருந்தால், அவர் வந்துபோனதுகூடப் பதிவாகாது. பந்தியில் உட்கார்ந்தவர்களை மட்டும் எண்ணிவிட்டு ஊரில் பசித்தவர் எவருமில்லை என்று சொல்லும் கணக்கு இது. இதற்குச் சாட்சி வேறெங்கும் தேட வேண்டாம். எக்ஸ்புளோரர் 6-ஐ விரட்டிய அதே ஜகரியாஸ் இருக்கிறார். யூடியூப்பின் வீடியோ பக்கத்தை 100 கிலோபைட்டுக்குள் சுருக்கி ‘ஃபெதர்’ என்ற பெயரில் அவர் சோதித்துப் பார்த்தபோது, பக்கம் திறக்கும் சராசரி நேரம் குறைவதற்குப் பதில் கூடியது. தேடிப் பார்த்தால், பழைய பக்கம் திறக்க இருபது நிமிடம் பிடித்ததால் அதுவரை கணக்கிலேயே வராதிருந்த தென்கிழக்கு ஆசிய, ஆப்பிரிக்க, தென்னமெரிக்க மக்கள் முதல்முறையாக உள்ளே வந்திருந்தார்கள். கதவைத் திறக்கும்வரை வெளியே நின்றவர்களின் எண்ணிக்கை எவருக்கும் தெரியவில்லை.

பிரிட்டன் அரசின் கவ்.யூகே தளக் குழு 2013-ல் வெளியிட்ட ஒரு கணக்கும் இந்த இடத்தில் பொருந்தும். ஜாவாஸ்கிரிப்ட்டால் வரும் மேம்பாடுகள் போய்ச்சேராதவர்கள் 1.1 சதவீதம். அதில் தாமாகவே அதை அணைத்து வைத்திருந்தவர்களும் அதை ஏற்காத பிரவுசர் வைத்திருந்தவர்களும் சேர்ந்தே 0.2 சதவீதம்தான். மீதி 0.9 சதவீதம் பேருக்கு அது அவர்கள் முடிவெடுத்து நடந்ததல்ல. வாசகர் விரும்பித்தான் பின்தங்கியிருக்கிறார் என்ற எண்ணத்துக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு வேண்டுமா? அதே குழு 2023 டிசம்பரில் தன் வடிவமைப்புத் தொகுப்பின் 5-ஆம் பதிப்பில் எக்ஸ்புளோரர் 11-க்கு ஜாவாஸ்கிரிப்ட் அனுப்புவதை நிறுத்தியது. சோதிக்கும் சுமை குறைந்தது. ஆனால் பக்கம் வாசிக்கும்படி இருந்தது, படிவம் வேலை செய்தது. பழையதைக் கைவிடுவதற்கும் பழையது வைத்திருப்பவரைக் கைவிடுவதற்கும் இடையே எவ்வளவு தூரம் இருக்கிறது என்பதை இது காட்டுகிறது. இதற்குத் தேவைப்பட்டது மேதைமை ஒன்றுமில்லை, கொஞ்சம் அக்கறை.

அக்கறை இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு வரலாறு இருக்கிறது. 2005-ல் கத்ரீனா புயலுக்குப் பிறகு அமெரிக்காவின் பேரிடர் நிவாரண அமைப்பான ஃபெமாவின் இணையவழிப் பதிவுக்கு எக்ஸ்புளோரர் 6 கட்டாயமாக இருந்தது. வீட்டை இழந்து முகாமில் கிடைத்த கணினியின் முன் உட்கார்ந்தவர் அங்கே என்ன பிரவுசர் இருக்கிறது என்று பார்த்தா இடம் பிடிக்க முடியும்? நமக்கும் இந்த அனுபவம் உண்டு. 2000-களின் தொடக்கத்தில் தமிழ் இதழ்த் தளங்கள் பல, எக்ஸ்புளோரரில் மட்டும் ஒழுங்காகத் தெரியும் டைனமிக் ஃபான்ட்களில் இருந்தன. ஃபயர்பாக்ஸில் திறந்தவர்களுக்குப் புரியாத குறிகள்தான் கிடைத்தன. அவற்றை யூனிகோடாக மாற்றிப் படிக்க ‘பத்மா’ என்ற நீட்சி தேவைப்பட்டது. அன்று இந்த பிரவுசரில் மட்டும் பார்க்கவும் என்று எழுதியதைக் கண்டித்தவர்களின் வாரிசுகள்தான் இன்று அதே வாசகத்தைப் பதிப்பு எண்ணோடு எழுதுகிறார்கள்.

கடைசியில் இது தொழில்நுட்பச் சிக்கலே இல்லை என்று எனக்குப் படுகிறது. இந்தாண்டு மேக்புக்கில் வரைந்து, இந்தாண்டு ஐபோனில் சோதித்து, அதே கருவிகள் வைத்திருக்கும் சக வடிவமைப்பாளர்களிடம் பாராட்டு வாங்குகிற தொழிலாக வலைத்தள வடிவமைப்பு சுருங்கிவிட்டது. பாராட்டுபவருக்குத் தெரியாத வாசகர் வடிவமைப்பவருக்கும் தெரிவதில்லை. நேரமில்லை என்பார்கள், மாற்று நிறத்துக்கு ஒரு வரி எழுத நேரமில்லாதவர்களுக்கு, உருட்டும்போது படங்கள் மிதந்து வர வைக்க நேரம் இருக்கிறது. அவர்களில் பலர் நிறுவனத்தின் கெடுவுக்குள் வேலை செய்பவர்கள் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் பொத்தானை மறைத்த கை அவர்களுடையதுதான்.

கிரிட் வேண்டாம், புதிய நிறங்கள் வேண்டாம் என்று யாரும் கேட்கவில்லை. அவற்றைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். அசைவையும் நிழலையும் நிறச்சாயலையும் பழைய கருவிகளுக்குக் கொடுக்காமல் விடுங்கள். எழுத்து, இணைப்பு, படிவம், பொத்தான் ஆகிய நான்கில் மட்டும் கைவைக்காதீர்கள். ஒரு தளத்தை வெளியிடும் முன் குரோம் 109-லும் சஃபாரி 15-லும் ஒருமுறை திறந்து, அந்த நான்கும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்தத் தளம் இன்னும் முடியவில்லை.