படைக்கலமும் பயிற்சியும்

படை என்னும் சொல் தமிழிலே போர்க்கருவியையும் உணர்த்தும். அக்கருவியேந்தும் சேனையையும் உணர்த்தும். இவ்விரண்டனுள் எது எதனை ஆக்குவது என்னும் வினா மிகப் பழையது. அதியமானின் தூதாகத் தொண்டைமானிடஞ் சென்ற ஔவையாருக்கு அவன் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டினான் என்பது புறநானூற்றுச் செய்தி. பீலியும் மாலையும் சூடி, நெய் பூசப்பெற்றுக் காவல்மனையிலே பொலிந்த அக்கருவிகளையும், பகைவரைக் குத்தி நுனி முரிந்து கொல்லனது சிறுகொட்டிலிலே கிடக்கும் அதியமானின் வேல்களையும் அப்புலவர் ஒருங்கு வைத்துக் காட்டினார். கருவியின் பொலிவு வேறு, படையின் வலி வேறு என்பதனைப் புகழ்வது போலப் பழித்து உணர்த்தினார்.

இருபதாம் நூற்றாண்டிலே இவ்வினாவுக்கு இதற்கு நேர்மாறான விடையைத் துணிவுடன் கூறியவர், ஆங்கிலேயப் படைத்தலைவரும் போரியல் ஆசிரியருமாகிய ஜே. எவ். சி. புல்லர் (1878–1966) ஆவர். தகுந்த கருவியைக் கண்டுபிடித்துவிட்டால், வெற்றியின் நூறு பங்கில் 99 பங்கு அக்கருவியினாலேயே கிடைத்துவிடும் என்பது அவரது கோட்பாடு. வியூகம், தலைமை, வீரம், ஒழுங்கு என்பனவெல்லாம் எஞ்சிய ஒரு பங்கினுள் அடங்கும். முதலாம் உலகப் போர் முடிந்த காலந்தொட்டே அவர் வற்புறுத்திவந்த இக்கருத்தே, பண்டைக் கிரேக்கர் காலமுதல் இரண்டாம் உலகப் போர் வரை படைக்கலங்களின் வரலாற்றை ஆராய்ந்து அவர் பின்னாளில் எழுதிய நூலுக்கும் அடித்தளமாயிற்று.

புல்லரின் கூற்றிலே உண்மை இல்லை எனல் நேர்மையாகாது. இயந்திரத் துப்பாக்கிக்கு எதிரே திறந்த வெளியில் அணிவகுத்துச் சென்ற காலாட்படையினரை எந்த வீரமும் காக்கவில்லை என்பதனை 1914 முதல் 1918 வரை நிகழ்ந்த போர் ஐயத்துக்கு இடமின்றிக் காட்டியது. அப்போரிலே பிரித்தானிய டாங்கிப் படையின் முதன்மைப் பணி அலுவலராக விளங்கியவர் புல்லர். ஊக்கத்தையும் துணிவையும் மாத்திரம் நம்பி இளைஞரை மடியவிட்ட தலைவர்கள்மேல் அவர் கொண்ட சினமே அக்கோட்பாட்டின் பிறப்பிடம் எனலாம். சினம் நியாயமானது, கோட்பாடு நியாயமானதா என்பதே ஆராயற்பாலது.

முதலிலே புல்லர் தாமே பங்குகொண்டு திட்டமிட்ட கம்பிரே சமரினை நோக்கலாம். 1917 நவம்பர் 20ஆம் நாள் ஏறத்தாழ 470 டாங்கிகள் ஜேர்மானியரின் அரண்களைத் தாக்கின. மாதக்கணக்கில் நகராதிருந்த போர்முனை ஒரே பகலில் ஏறத்தாழ ஐந்து மைல் பின்தள்ளப்பட்டது. புதுக்கருவியின் வெற்றியென உலகம் வியந்தது. ஆயினும் அன்றைய பொழுது சாய்வதற்குள் 179 டாங்கிகள் செயலிழந்தன. அவற்றுட் பெரும்பாலானவை பழுதுற்றும் பள்ளங்களிற் சிக்கியும் நின்றவை. பத்து நாட் கழித்து, நவம்பர் 30ஆம் நாள், ஜேர்மானியர் எதிர்த்தாக்குதல் தொடுத்தனர். அவர்களிடம் அத்தகைய டாங்கித் தொகுதி இருக்கவில்லை. சிறு சிறு குழுக்களாகப் பிரிந்து, வலிய அரண்களை விலக்கி, மெலிந்த இடங்களின் ஊடே புகுந்து செல்லுமாறு பழக்கப்பட்ட காலாட்படையினரே அவர்களிடம் இருந்தனர். இழந்த நிலத்தின் பெரும்பகுதியை அவர்கள் மீட்டுக்கொண்டனர். ஒரே களத்தில், பத்து நாள் இடைவெளியில், கருவியின் பயனும் பயிற்சியின் பயனும் அடுத்தடுத்து வெளிப்பட்டன. புல்லர் முதலாவதன் மேலேயே தம் கோட்பாட்டினை எழுப்பினார்.

இதனினும் தெளிவான சான்றினை முந்திய நூற்றாண்டு தருகின்றது. 1866 ஜூலை 3ஆம் நாள் கொனிக்கிரெற்சுக் களத்தில் பிரசியர் ஒஸ்திரியரை வென்றனர். பின்புறத்தால் மருந்திடப்படும் ஊசித் துப்பாக்கியே அவ்வெற்றிக்குக் காரணம் என்று ஐரோப்பா முழுவதும் பேசப்பட்டது. அத்துப்பாக்கியைப் படுத்தவாறே நிரப்பலாம். ஒஸ்திரியர் தம் துப்பாக்கியை நிரப்ப எழுந்து நிற்றல் வேண்டும். ஆயினும், ஒஸ்திரியரின் துப்பாக்கி பிரசியருடையதினும் நெடுந்தொலைவு குறிதப்பாது சுடவல்லது என்பதனைப் பலர் மறந்துவிடுகின்றனர். நெடுந்தொலைவு சுடவல்ல கருவியைக் கையிற் கொடுத்த ஒஸ்திரிய அரசு, நெடுந்தொலைவு சுடுவதற்குத் தன் வீரரைப் போதியவாறு பழக்கவில்லை. துப்பாக்கி முனைக் கத்தியுடன் நெருங்கிப் பாயும்படியே பணித்தது. கருவி ஒன்று சொல்ல, பயிற்சி வேறொன்று சொல்லிற்று.

அடுத்து வந்த 1870ஆம் ஆண்டுப் போர் புல்லர் கோட்பாட்டுக்குக் கடுஞ் சோதனையாகும். பிரெஞ்சுக்காரர் கொண்ட சசெப்போ என்னும் துப்பாக்கி ஊசித் துப்பாக்கியைப் போல ஏறத்தாழ இருமடங்கு தொலைவு சுடவல்லது. அதன் வலிமையைப் பிரசியர் உணராமலில்லை. ஆகஸ்டு 18ஆம் நாள் சென் பிரிவா ஊரின் முன்னே பிரசிய மெய்க்காவற் படையினர் ஏறத்தாழ 8,000 பேர் வீழ்ந்தனர். மேலும், 25 குழல்களைக் கொண்ட மித்திரையூஸ் என்னும் புதிய சுடுகருவியும் பிரெஞ்சுக்காரரிடம் இருந்தது. அதனைப் பகைவர் அறியலாகாதென்று மறைத்து வைத்த அரசு, தன் வீரரும் அதனை நன்கு அறியாதவாறு செய்துவிட்டது. காலாட்படையுடன் சேர்ந்து அணிமையில் நின்று சுடவேண்டிய அக்கருவி, பீரங்கியைப் போலச் சேய்மையில் நிறுத்தப்பட்டுப் பயனிழந்தது. காவல்மனையிற் பொலிந்த வேலுக்கு இதனினும் பொருந்திய உவமை கிடைத்தல் அரிது. செப்தெம்பர் 2ஆம் நாள் செடான் நகரில் பிரெஞ்சுப் பேரரசன் தன் படையொடு சரணடைந்தான்.

செடானிலே பிரசியருக்கு வெற்றி தந்தவை குருப்பின் உருக்குப் பீரங்கிகள் அல்லவோ, அவை பிரெஞ்சுப் பீரங்கிகளினும் சிறந்தன அல்லவோ என்று புல்லரைச் சார்ந்தோர் வினவுதல் கூடும். வினா தக்கதே. ஆனால், அவ்வுருக்குப் பீரங்கிகளுட் பல 1866லும் களத்தில் இருந்தன. அன்று பிரசியப் பீரங்கிப் படை நாணத்தக்க வகையிலே பிந்தி வந்து, பிழைபடச் சுட்டது. அக்குறையை உணர்ந்த பிரசியர் 1867இல் பீரங்கிச் சுடுகலைக்கென ஒரு பள்ளியை நிறுவினர். நான்கு ஆண்டில் மாறியது உருக்கு மாத்திரமன்று. அதன் பின்னே நின்ற மனிதருமாவர்.

1940ஆம் ஆண்டுப் பிரெஞ்சு வீழ்ச்சியும் இதனையே வற்புறுத்துகின்றது. பிரெஞ்சு டாங்கிகளுட் பல ஜேர்மானிய டாங்கிகளினும் தடித்த கவசம் உடையன. ஆனால், அவற்றின் மேற்கூண்டில் ஒருவரே இருந்து நோக்கவும், குண்டிடவும், சுடவும், ஏவவும் வேண்டியிருந்தது. பலவற்றில் வானொலி இல்லை. ஜேர்மானியரோ, வெர்சேல்சு உடன்படிக்கையினால் 100,000 பேருக்கு மேல் வைத்திருத்தலாகாதென்று கட்டுண்டிருந்த காலத்தில், அந்நூறாயிரவருள் ஒவ்வொருவரையும் தமக்கு மேற்பட்ட பதவியை வகிக்கத்தக்கவராகப் பயிற்றினர். டாங்கி வைத்திருத்தற்கு உரிமையற்ற அந்நாளில் தகரத்தாலும் துணியாலும் பொய் டாங்கிகள் அமைத்து ஒத்திகை நடத்தினர். கருவி வருவதற்கு முன்னரே அக்கருவிக்குரிய படை உருவாகிவிட்டது. புல்லரின் எழுத்துக்களை ஊன்றிக் கற்றவருள் ஜேர்மானியத் தளபதி குடேரியனும் ஒருவர். எனினும் அவர் கற்றுக்கொண்டது டாங்கியின் பெருமையை மட்டுமன்று. செய்தித்தொடர்புப் பணியிலே பயின்ற அவர், ஒவ்வொரு டாங்கியும் பிறிதொன்றுடன் பேசல் வேண்டும் என்பதனை உணர்ந்திருந்தார்.

அவ்வாண்டிலேயே பிரித்தானியாவைக் காத்தது ராடார் என்பர். ராடார் ஜேர்மானியரிடமும் இருந்தது; நுட்பத்திலே அவர்களது கருவிகள் குறைந்தனவல்ல. 1936இலே, ராடார் வலையம் முழுமை பெறுதற்கு வெகுகாலம் முன்னரே, பிகின் ஹில் விமானத்தளத்தில் தொடங்கிய பரிசோதனைகள்தாம் வேறுபாட்டை உண்டாக்கின. ராடார் இன்ன செய்தியைத் தரும் எனக் கற்பித்துக்கொண்டு, அச்செய்தியைக் கொண்டு தரையிலிருந்தே விமானிகளை வழிநடத்தும் முறை அங்கே பழக்கப்பட்டது. வடிகட்டும் அறை, வரைபட மேசை, அதனைச் சூழ நின்று குறிகளை நகர்த்திய பெண்கள், கடற்கரையிலே கண்ணால் நோக்கியிருந்த காவலர் ஆகிய அனைவரும் ஒரே அவயவி போல இயங்கியமையாலேயே அக்கருவி பயன்பட்டது.

புல்லர் மறைந்த பின்னர் நிகழ்ந்த சான்றொன்று இவ்வாராய்ச்சிக்கு இன்றியமையாதது. வியட்நாம் வானிலே 1965 முதல் 1968 வரை அமெரிக்கரின் பான்டம் விமானங்கள் போரிட்டன. ஏவுகணைக் காலத்திலே விமானங்கள் ஒன்றையொன்று சுற்றிப் போரிடும் நிலை இனி வாராது என்ற நம்பிக்கையினால், தொடக்கத்தில் அவ்விமானங்களின் உடலிலே துப்பாக்கியும் பொருத்தப்படவில்லை; நெருங்கிப் போரிடும் பயிற்சியும் அருகிவிட்டது. அமெரிக்கரின் கணக்குப்படியே, இரண்டிற்குச் சற்று மேற்பட்ட பகை விமானத்தை வீழ்த்த அவர்களது கடற்படை ஒரு விமானத்தை இழந்தது. இதற்குக் காரணம் ஆராயப்பட்டது. கடற்படையினர் 1969 மார்ச்சிலே கலிபோர்னியாவின் மிராமரில் போர்விமானிகளுக்கென ஒரு பள்ளியைத் தொடங்கினர். பகைவரின் மிக் விமானங்களைப் போல இயங்கவல்ல வேற்று விமானங்களை எதிரே பறக்கவிட்டு, ஒவ்வொரு ஒத்திகையின் பின்னரும் தவறுகளை ஒளிவின்றி எடுத்துரைப்பதே அப்பள்ளியின் முறை. விமானப்படையோ துப்பாக்கி பொருத்திய புதிய பான்டத்தையே பெரிதும் நம்பிற்று. 1972இல் வான்போர் மீண்டும் மூண்டபோது கடற்படையின் விகிதம் ஏறத்தாழ பன்னிரண்டுக்கு ஒன்றாக உயர்ந்தது; விமானப்படையின் விகிதம் முன்போலவே ஏறத்தாழ இரண்டுக்கு ஒன்றாக நின்றது. கடற்படையின் ஏவுகணைகளும் இடையில் ஓரளவு திருந்தின என்பது உண்மையே. ஆயினும் அத்திருத்தம் மாத்திரம் இத்துணை வேற்றுமையை விளைத்ததென்று கொள்ளல் அரிது. விமானப்படையினரும் அப்படிக் கொள்ளவில்லை. 1975இல் அவர்களும் தமக்கென அத்தகைய பெரும் ஒத்திகைகளைத் தொடங்கினர்.

இவ்வளவில் நிறுத்தினால், 99 பங்கினைக் கருவியிடமிருந்து பறித்துப் பயிற்சிக்குக் கொடுத்துவிட்டதாக முடியும். ஆனால் ஒரு மிகைக்கு மறுமொழி மற்றொரு மிகையன்று. பயிற்சியும் ஒரு கருவியே. அது கையைப் பழக்குவது போலக் கண்ணையும் பழக்குகின்றது. எதனை எதிர்பார்க்கப் பழகினானோ அதனையே மனிதன் காண்கின்றான்.

1988 ஜூலை 3ஆம் நாள் பாரசீகக் குடாவிலே அமெரிக்கப் போர்க்கப்பலாகிய வின்சென்ஸ், பந்தர் அப்பாஸிலிருந்து துபாய்க்குச் சென்றுகொண்டிருந்த ஈரானியப் பயணிகள் விமானத்தைச் சுட்டு வீழ்த்தியது. குழந்தைகள் 66 பேர் உட்பட 290 பேர் மாண்டனர். அக்கப்பலில் இருந்த ஏஜிஸ் அமைப்பு அந்நாளில் உலகிலேயே மிக நுட்பமான போர்க்கருவிகளுள் ஒன்று. கருவி பிழை செய்யவில்லை. விமானம் மேலே ஏறிக்கொண்டிருக்கின்றது என்றே அது பதிவு செய்திருந்தது. திரையின் முன்னிருந்தோர் அது தம்மை நோக்கி இறங்குகின்றதென்று கூறினர். ஈரானியப் படகுகளுடன் அப்பொழுது போரிட்டுக்கொண்டிருந்த அவர்கள் போர் விமானமொன்று பாய்ந்து வருமென எதிர்பார்த்திருந்தனர், அதனையே கண்டனர். கிடைத்த செய்தியை முன்னரே மனத்திற் பதிந்த காட்சிக்கு ஏற்பத் தம்மை அறியாமலே திருத்திக்கொண்டனர் என்பதே அமெரிக்கக் கடற்படை நடத்திய விசாரணையின் முடிவு. அண்மையில் நின்ற மற்றோர் அமெரிக்கக் கப்பலின் தலைவர் அவ்விமானத்தினால் ஆபத்தில்லை என்றே மதித்திருந்தார். கடல் ஒன்று, வானம் ஒன்று, மதிப்பீடு மாத்திரம் வேறு.

இதற்கு எதிரான நிகழ்ச்சியொன்று ஐந்தாண்டு முன்னர் நேர்ந்தது. 1983 செப்தெம்பர் 26ஆம் நாள் நள்ளிரவு கடந்த வேளையில், அமெரிக்கா ஐந்து அணு ஏவுகணைகளை ஏவிவிட்டதாகச் சோவியத் செயற்கைக் கோள்கள் அறிவித்தன. காவற் பணியில் இருந்த அலுவலர் ஸ்தனிஸ்லாவ் பெத்ரோவ் அதனை மேலிடத்துக்குத் தாக்குதலென அறிவிக்கவில்லை. கருவியின் பிழையென்றே அறிவித்தார். பெரும் போரைத் தொடங்குவோர் ஐந்தே ஏவுகணையுடன் தொடங்கார் என்று அவர் எண்ணினார். அவ்வமைப்புப் புதியது, முதிராதது என்பதனையும் பொறியியல் கற்ற அவர் அறிந்திருந்தார். முகில்களின் மேற்பட்ட ஞாயிற்றொளியையே செயற்கைக் கோள்கள் தீப்பிழம்பெனக் கொண்டன என்பது பின்னர்த் தெரிந்தது.

வின்சென்ஸ் கப்பலினர் பயிற்சியற்றவரல்லர். பெத்ரோவ் பயிற்சியை மீறிய வீம்பரும் அல்லர். இருவரிடையும் உள்ள வேற்றுமையைப் பயிற்சிக்கும் கல்விக்கும் உள்ள வேற்றுமை எனக் கூறல் பொருந்தும். பயிற்சி கைக்கு விரைவு தருவது. கல்வி, கருவி கூறுவது மெய்யோ என்று ஐயுறும் ஆற்றலைத் தருவது. விரைவற்ற ஐயம் போர்க்களத்தில் அழிவைத் தரும். ஐயமற்ற விரைவு போர் இல்லாத இடத்திலும் அழிவைத் தரும். புல்லரின் கணக்கிலே இவ்விரண்டினுக்கும் இடமில்லை. அவரை மறுத்து ஒத்திகையின் பெருமையை மாத்திரம் பேசுவோரின் கணக்கிலே பின்னதற்கு இடமில்லை.

ஆளில்லா விமானங்கள் களத்தை நிறைக்கும் இக்காலத்தில், இலக்கைத் தேரும் பொறுப்பையும் பொறியிடமே விட்டுவிடலாம் என்னும் எண்ணம் வலுப்பெற்று வருகின்றது. இது புல்லர் கோட்பாட்டின் புதிய வடிவமே. எஞ்சிய ஒரு பங்கையும் கருவிக்கே ஈந்துவிடும் முயற்சி. அந்த ஒரு பங்கினுள்ளேதான் அன்றிரவு பெத்ரோவின் ஐயம் இருந்தது. கருவி எத்துணை நுண்மை பெற்றாலும், அதன் பின்னே நிற்பவன் அதனை அறிந்தவனாகவும் அதனை மறுக்கத் துணிந்தவனாகவும் இருத்தல் வேண்டும். அத்தகையவனைப் படைக்கலச் சாலை ஆக்கித் தருவதில்லை. பயிற்சிக் களமும் தனித்து ஆக்கித் தருவதில்லை. அவன் படையிற் சேர்வதற்கு முன்னரே, ஏன் என்று கேட்கக் கற்பித்த ஒரு வகுப்பறையிலே உருவாகத் தொடங்குகின்றான்.