இறகாக மறுக்கும் கத்தி

ஆல்ஃபி பிராட்லி இங்கிலாந்தில் 2018இல் செய்து முடித்த ‘கத்தித் தேவதை’ சிற்பத்தை நான் புகைப்படங்களில்தான் பார்த்திருக்கிறேன். போலீஸ் கைப்பற்றியவையும் மக்கள் தாமே ஒப்படைத்தவையுமாகச் சுமார் 1,00,000 கத்திகள். சமையலறைக் கத்திகளும் அவற்றில் உண்டு. முனை மழுக்கி, வெல்டிங் செய்து எழுப்பிய 27 அடி உருவம்.

பிடி நீக்கிய அலகுகள் சிறகில் இறகுகளாகின்றன. திறமைதான். எனக்கு உறுத்துவதும் அதுவே. இறகாகிவிட்ட கத்தி தான் அறுத்ததை மறந்துவிடுகிறது, பார்ப்பவனும் மறந்துவிடுகிறான். தேவதை என்ற படிமம் முன்பே தயாராயிருக்கும் இரக்கம். அதற்காகச் சிற்பி எதையும் கண்டடைய வேண்டியிருக்கவில்லை.

ஆனால் சில அலகுகளில், கத்திக்குப் பலியானவர்களின் குடும்பத்தார் தந்த வாசகங்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அங்கே மட்டும் எஃகு இறகாக மறுக்கிறது. சிற்பம் அந்த இடத்தில்தான் தொடங்குகிறது என்பேன். எனக்கு அந்த அலகுகள் போதும்.